அணைக்குக் கீழே வள்ளம் செலுத்துதல்

கொழும்பிலிருந்து அட்டனுக்குச் செல்லும் பெருந்தெரு கித்துல்கலயை அடையுமிடத்தில், களனி கங்கை கற்பாறைகளுக்கிடையே நுரைத்துப் பாய்வதைக் காணலாம். காற்றடைத்த இறப்பர் வள்ளங்களில் இப்பாறைகளினூடே இறங்கிச் செல்லும் விளையாட்டுக்கு இவ்விடம் பெயர் பெற்றது.

ஆயினும் இங்கு ஓடும் நீர் வானத்தின் கட்டளைக்கு மட்டும் உட்பட்டதன்று. கெகெல்கமு ஓயாவும் மஸ்கெலிய ஓயாவும் கூடியே களனி கங்கையாகின்றன. முன்னதைக் காசல்ரீ அணையும் பின்னதை மவுசாக்கலை அணையும் தடுத்து நிறுத்துகின்றன. அவற்றின் கீழும் சிற்றணைகள் பல உள. தேங்கிய நீர் சுரங்கங்களில் இறங்கி, மின்னிலையங்களின் சுழலிகளைச் சுழற்றிய பின்னரே ஆற்றை அடைகின்றது. 2020களின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கிய புரோட்லாண்ட்ஸ் திட்டம் இன்னுமோர் அணையைச் சேர்த்துள்ளது. ஆகவே, நாட்டின் மின் தேவை கூடுவதும் குறைவதும் ஆற்றின் மட்டத்தில் தெரியும். மலைநாட்டில் பெருமழை பெய்து வான்கதவுகள் திறக்கப்பட்டாலோ, கித்துல்கலயில் வெயில் எறிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். கதவு திறக்குமுன் அபாயச்சங்கு ஊதப்படுவதுண்டு. பாறையிடுக்கில் ஆறு எழுப்பும் பேரோசையில் அது கேளாமற் போவதும் உண்டு.

காலையில் கண்ட ஆறு மாலையில் இராது என்பதே இங்கு வள்ளமோட்டுவோன் முதலில் அறியவேண்டியது. நீர் உயருமுன் சில குறிகள் தோன்றும். தெளிந்த நீர் கலங்கும். சருகும் சுள்ளியும் மிதந்து வரும். தலை காய்ந்திருந்த பாறை நனையும். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் கரையேறுதல் வேண்டும். நீர் குறைந்தால் அபாயமும் குறையும் என்று எண்ணுதலும் பிழை. அப்பொழுது மறைந்திருந்த பாறைகள் வெளிப்பட்டு வழியை அடைக்கும்.

ஒரு கனமீற்றர் நீரின் நிறை ஒரு தொன். ஓட்டத்தின் வேகம் இரு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். பாறையில் மோதிய வள்ளத்தை எவராலும் எளிதில் அசைக்க முடியாமைக்குக் காரணம் இதுவே. அவ்வாறு மோதும்போது மனிதர் இயல்பாகப் பாறையை விட்டு விலகிச் சாய்வர். அதனால் மேற்புற விளிம்பு தாழ்ந்து, நீர் உட்புகுந்து, வள்ளம் பாறையோடு ஒட்டிக்கொள்கின்றது. பாறையின் பக்கமாகவே சாய வேண்டும். பழகாதவருக்கு இது கடினமே.

நீரில் விழுந்தவர் எழுந்து நிற்க முயலலாகாது. கால் கல்லிடுக்கில் சிக்கினால், இடுப்பளவு நீரே உடலை முன்னே சரித்து முகத்தை அமிழ்த்திவிடும். மல்லாந்து, பாதங்களை நீரோடும் திசைக்கு நீட்டி, உயிர்காப்பு அங்கியின் துணையால் மிதந்து, அமைதியான ஓரத்தை அடைதல் வேண்டும். பாறையினும் கொடியது ஆற்றில் விழுந்து கிடக்கும் மரம். அதன் கிளைகள் நீரை விட்டு மனிதனைப் பிடித்துக்கொள்ளும். ஆதலின் அதனைத் தொலைவிலேயே கண்டு விலகிவிடல் வேண்டும்.

அனுபவமுள்ள வழிகாட்டி, மேலே நீர் விடப்படும் நேரத்தைக் கேட்டறிந்து, தலைக்கவசங்களின் வாரைச் சோதித்த பின்னும் உடனே புறப்படுவதில்லை. நீரின் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுச் சிறிது நேரம் காத்திருப்பான். குச்சியின் அடியை நீர் சூழ்ந்துவிட்டதாயின் அன்று வள்ளம் இறக்கப்படுவதில்லை.