ஒரு கவுண்டி, மூன்று பள்ளி வாரியங்கள்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் ஆண்டுதோறும் ஏ முதல் எஃப் வரை ஓர் எழுத்தைத் தருகிறார்கள். 2013-14 கல்வியாண்டிலிருந்து நடக்கும் ஏற்பாடு இது. வீடு மாறும் பெற்றோரும், வீடு விற்கும் தரகரும், உள்ளூர்ப் பத்திரிகையும் முதலில் பார்ப்பது அந்த எழுத்தைத்தான். 6 முதல் 8ஆம் வகுப்பு வரையுள்ள நடுநிலைப் பள்ளிகளுக்கு வாசிப்பிலும் கணக்கிலும் ஆண்டிறுதித் தேர்வு உண்டு. 8ஆம் வகுப்பில் அறிவியலும் சேரும். அந்த மதிப்பெண்களிலிருந்துதான் எழுத்து பிறக்கிறது. நல்ல பள்ளி எது, மோசமான பள்ளி எது என்பதை அது சொல்லிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கிராமப்புறக் கவுண்டிகளில் (மாநிலத்துக்குள் அடங்கிய மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகளில்) அது சொல்வது பெரும்பாலும் வேறு கதை: பிள்ளைகள் எப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வருகிறார்கள், பள்ளி எல்லைக்கோடு எங்கே விழுந்திருக்கிறது என்ற கதை.

எழுத்தைக் கணக்கிடும் முறையிலேயே இது தெரிகிறது. நூற்றுக்கு 80 பங்கு மாணவர்கள் இன்று எடுத்த மதிப்பெண்ணுக்கு; முந்தைய நிலையிலிருந்து அவர்கள் எவ்வளவு முன்னேறினார்கள் என்பதற்கு 20 பங்குதான். கற்பனையாக இரண்டு பள்ளிகளை எடுத்துக்கொள்வோம். முதல் பள்ளிக்குத் தேர்ச்சியில் 50, முன்னேற்றத்தில் 90. மொத்தம் 58, அதாவது சி. இரண்டாவதற்குத் தேர்ச்சியில் 80, முன்னேற்றத்தில் 60. மொத்தம் 76, பி. பிள்ளைகளை அதிகம் உயர்த்திய பள்ளி கீழே நிற்கிறது. ஏற்கெனவே நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் வாய்த்த பள்ளி மேலே நிற்கிறது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஷான் ரியர்டன் நாடு முழுவதுமுள்ள தேர்வு மதிப்பெண்களைத் திரட்டி ஆராய்ந்தவர். சராசரி மதிப்பெண் குடும்பங்களின் பொருளாதார நிலையோடு இறுகப் பிணைந்திருக்கிறது, ஆண்டுக்காண்டு முன்னேற்றத்துக்கு அந்தப் பிணைப்பு மிகவும் குறைவு என்பது அவர் கண்டது.

சரி, முன்னேற்றத்தை மட்டும் பார்த்தால் போதுமா? சிறிய பள்ளியில் அதிலும் சிக்கல் உண்டு. ஒரு வகுப்பில் 60 பேர்தான் என்றால், ஐந்து பேர் தேர்வில் சறுக்கினாலே தேர்ச்சி சுமார் 8 சதவீதப் புள்ளி விழும். ஒரு கணக்கு ஆசிரியர் நடு ஆண்டில் வேலையை விட்டுப் போனாலும், இரண்டு குடும்பங்கள் வேறு ஊருக்குப் போனாலும் முன்னேற்ற எண்ணும் மாறிவிடும். பொருளியலாளர்கள் தாமஸ் கேனும் டக்ளஸ் ஸ்டைகரும் வட கரோலினாவின் பள்ளித் தரவுகளை ஆராய்ந்தபோது, பட்டியலின் உச்சியிலும் அடியிலும் சின்னப் பள்ளிகளே அதிகம் இருந்தன. திறமையைவிட மாணவர் எண்ணிக்கைக்கே அதில் பங்கு அதிகம். ஆகவே ஓராண்டு எழுத்தை வைத்துக் கிராமத்துப் பள்ளிக்குப் பாராட்டு விழா நடத்துவதும் தலைமையாசிரியரை மாற்றுவதும் அவசரம். மூன்று நான்கு ஆண்டு முன்னேற்றத்தைச் சேர்த்துப் பார்ப்பதுதான் குறைந்தபட்ச நியாயம்.

இதற்கு வரும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எட்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைக்குப் பின்னக் கணக்கு வரவில்லை என்றால், பள்ளி எவ்வளவு முன்னேறியது என்று சொல்லி என்ன பயன்? உயர்நிலைப் பள்ளி அவனிடம் முன்னேற்றத்தைக் கேட்காது, பின்னத்தைத்தான் கேட்கும். ஏழைப் பிள்ளைகள் என்று சொல்லியே எதிர்பார்ப்பைக் குறைத்துவிடுகிறோம் என்பதும் இதோடு சேரும். இரண்டிலும் உண்மை இருக்கிறது. தேர்ச்சி எண்ணை மறைக்கச் சொல்வது தவறு. ஆனால் பிள்ளைக்கு என்ன தேவை என்பது ஒரு கேள்வி, பள்ளி என்ன செய்தது என்பது மற்றொன்று. முதல் கேள்வியின் விடையை எடுத்து இரண்டாவதற்கு ஒட்டும்போது, உதவி தேவைப்படும் பள்ளிக்கு முதலில் கெட்ட பெயர்தான் போய்ச் சேருகிறது. அந்தப் பெயரைப் பார்த்து ஆசிரியர்கள் வர மறுத்தால், அடுத்த ஆண்டு எண்கள் இன்னும் இறங்கும்.

எல்லைக்கோடு என்ன செய்யும் என்பதற்கு அதே மாநிலத்தின் வடகிழக்கில் உள்ள ஹாலிஃபாக்ஸ் கவுண்டி நல்ல சாட்சி. சுமார் 50,000 பேர் வாழும் கிராமப்புறம். வட கரோலினாவின் பெரும்பாலான கவுண்டிகளில் அரசுப் பள்ளிகளை நடத்துவது ஒரே பள்ளி வாரியம்தான். இங்கே மூன்று: ஹாலிஃபாக்ஸ் கவுண்டி, வெல்டன், ரோனோக் ராப்பிட்ஸ். ரோனோக் ராப்பிட்ஸ் பழைய பஞ்சாலை நகரம்; 1979இல் வந்த 'நார்மா ரே' திரைப்படத்துக்குக் கருவான தொழிற்சங்கப் போராட்டம் நடந்த ஊர். அந்த வாரியத்தில் வெள்ளையின மாணவர்களே பெரும்பான்மை, மற்ற இரண்டிலும் ஏறக்குறைய எல்லோரும் கறுப்பினத்தவர் என்ற நிலையில் 2015இல் பெற்றோர் சிலர் கவுண்டியை நிர்வகிக்கும் ஆணையர்கள் மீது வழக்குத் தொடுத்தார்கள். அவர்களுடைய குறைகளில் ஒன்று பணம் பற்றியது. வெல்டனும் ரோனோக் ராப்பிட்ஸும் தங்கள் எல்லைக்குள் கூடுதல் சொத்துவரி வசூலித்தன. விற்பனை வரியைச் சொத்துவரி வசூலின் விகிதத்தில் பிரிக்கும் முறையைக் கவுண்டி நிர்வாகம் பின்பற்றியதால், அதிலும் அவற்றுக்குப் பங்கு கிடைத்தது. கூடுதல் வரி இல்லாத கவுண்டி வாரியத்துக்கு அந்தப் பங்கு இல்லை. இந்த மூன்று வாரியங்களின் நடுநிலைப் பள்ளிகளையும் ஒரே பட்டியலில் எழுத்து போட்டு அடுக்கினால், வரிக்கோட்டின் இரு பக்கங்களையும் சேர்த்தே அடுக்குகிறோம்.

மாநில உச்ச நீதிமன்றம் 1997இல் லியாண்ட்ரோ வழக்கில், ஒவ்வொரு பிள்ளைக்கும் அடிப்படைக் கல்வி பெறும் அரசியலமைப்பு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கைக் கொண்டுவந்த ஐந்து கவுண்டிகளில் ஹாலிஃபாக்ஸும் ஒன்று. 2018இல் பெற்றோரின் வழக்கு அதே நீதிமன்றத்துக்கு வந்தபோது, அந்த உரிமையை நிறைவேற்றும் பொறுப்பு மாநிலத்துடையது, கவுண்டி ஆணையர்களுடையது அல்ல என்று கூறி அது தள்ளுபடியானது. தீர்ப்புக்குப் பிறகும் மூன்று வாரியங்களும் தனித்தனியாகவே நடந்தன. மாநிலமும் வழக்கம்போல் ஒவ்வொரு பள்ளிக்கும் எழுத்து கொடுத்துக்கொண்டிருந்தது.