தலையெழுத்து இரத்தத்திலா இருக்கிறது?

ஒரே லயத்தில் பலருக்கு ஒரே காய்ச்சல் வருகிறது. பெரும்பாலோர் எழுந்துவிடுகிறார்கள், ஒருவர் மூச்சுத் திணறி மாண்டுபோகிறார். "அந்தக் குடும்பத்து இரத்தமே அப்படி" என்று சாவு வீட்டில் பேசிக்கொள்கிறோம். இது உண்மையா?

ஓரளவு உண்மைதான். மிளகாய்ப் பாத்தியில் இலைச்சுருட்டை நோய் விழுந்தால் ஓர் இனம் சுருண்டுவிடும். வேறோர் இனம் தாங்கி நிற்கும். மனிதரிலும் அவ்வாறே. நமது உடலின் ஏறக்குறைய ஒவ்வொரு கலத்திலும் பெற்றோர் வழிவந்த மரபணுக்கள் உண்டு. அவற்றிலுள்ள சிறு வேறுபாடுகள், வைரசை எதிர்க்கும் ஆற்றலைக் கூட்டவும் குறைக்கவும் செய்கின்றன.

கொரோனாக் காலத்தில் இது பெரிதாகப் பேசப்பட்டது. மூன்றாம் நிறமூர்த்தத்திலுள்ள ஒரு மரபணுப் பகுதி நோயைக் கடுமையாக்குகிறது என்றும், அது ஆதிகால நியண்டர்தால் மனிதரிடமிருந்து வந்தது என்றும், தெற்காசியரில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் இருக்கிறது என்றும் 2020இல் சுவாந்தே பாபோ, ஹூகோ செபெர்க் ஆகிய அறிஞர்கள் எழுதினர். ஐரோப்பியரில் அது சுமார் 16 வீதத்தினரிடமே உண்டு.

அப்படியானால் நாம் சாகப் பிறந்தவர்களா? இல்லை. 2021இல் ஐதராபாத் ஆய்வாளர் குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்டோர் தெற்காசியரிடையே ஆராய்ந்தபோது, அந்தப் பகுதிக்கும் நோயின் கடுமைக்கும் அத்தகைய தொடர்பைக் காணவில்லை. ஐரோப்பியருக்குச் சொன்னதை நமக்கு அப்படியே பொருத்த முடியாது.

மீரியபெத்தவை நினைத்துப் பாருங்கள். 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. சரிவது அந்த மண்ணின் இயல்பு. ஆனால் ஆபத்து உண்டென்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. லயங்களோ இருந்த இடத்திலேயே இருந்தன. உயிர்களைப் பறித்தது மண் மட்டுமா?

மரபணுவும் மலைச்சரிவு போன்றதே. அதை மாற்ற நம்மால் இயலாது. அதன் கீழ் எப்படி வாழ்கிறோம் என்பதை மாற்றலாம். காற்றோட்டமில்லாத ஒற்றைக் காம்பிராவில் ஏழெட்டுப் பேர் நெருங்கிப் படுப்பதும், பிள்ளைத்தாய்ச்சிக்கு இரத்தச்சோகை இருப்பதும், தோட்டத்து வைத்தியசாலைக்குப் பிந்திப் போவதும் பரம்பரை வியாதிகள் அல்ல.

பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தது இவனா, இவன் பெற்றோரா என்று கேட்டார்கள். இயேசு இருவரையும் குற்றம் சாட்டவில்லை. நாமும் இறந்தவரின் இரத்தத்தைப் பழிக்க வேண்டாம்.

தடுப்பூசிகளைத் தவறாது போடுங்கள். காய்ச்சல் இரண்டு நாளைக்கு மேல் நீடித்தால் வைத்தியரிடம் செல்லுங்கள். நெருங்கிய உறவினர் யாராவது தொற்றுநோயால் இளவயதில் இறந்திருந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள். காற்றும் வெளிச்சமும் உள்ள வீடு, சுத்தமான தண்ணீர், உறுதியான நிலம் ஆகியவற்றை உரிமையாகச் சேர்ந்து கேளுங்கள்.