அண்ணாவின் பொதுச் செய்திகளில் ஒருமைப்பாடு: ‘தம்பி’ என்னும் விளியும் கூட்டாட்சிச் சிந்தனையும்

ஆய்வுச் சுருக்கம்

1963ஆம் ஆண்டு திராவிட முன்னேற்றக் கழகம் திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டது. இதனைச் சட்டத்திற்கு அஞ்சிய பின்வாங்கல் என்றும், காலத்திற்கேற்ற உத்தி என்றும் மதிப்பிடுவோர் உளர். அறிஞர் அண்ணாவின் மடல்கள், மாநிலங்களவை உரைகள், ஆட்சிக்காலச் செயற்பாடுகள் ஆகியவற்றை ஒருசேர நோக்கும்போது, கோரிக்கை மாறினும் அதனைத் தாங்கி நின்ற வாதம் மாறவில்லை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அண்ணா, மடல் இலக்கியம், விளி, ஒருமைப்பாடு, மாநில உரிமை, சீரணி.

முன்னுரை

அரசியல் தலைவர் ஒருவரின் செய்தியைக் கருத்தளவில் மட்டும் மதிப்பிடுவது போதாது. அச்செய்தி யாரை நோக்கி, எந்த உறவில் நின்று சொல்லப்பெறுகிறது என்பதும் பொருளைத் தீர்மானிக்கும் கூறாகும். அண்ணா கட்சித் தொண்டரிடம் தமிழில் மடல்வழிப் பேசினார். மாநிலங்களவையில் ஆங்கிலத்தில் வாதிட்டார். 1967 மார்ச்சு முதல் முதலமைச்சராக மக்களிடம் பேசினார். இம்மூன்று களங்களிலும் ஒற்றுமை, அதிகாரப் பகிர்வு, ஊர் மேம்பாடு ஆகியவை ஒன்றையொன்று சார்ந்தே இடம்பெறுகின்றன.

விளிச்சொல்லும் உறவும்

‘திராவிட நாடு’ இதழில் 1955 முதல் அண்ணா எழுதிவந்த மடல்கள் ‘தம்பி’ என விளித்து, ‘அண்ணன்’ எனக் கையொப்பத்துடன் முடிவன. பின்னர் ‘காஞ்சி’ இதழிலும் இவ்வடிவம் தொடர்ந்தது. தமிழில் கடிதவடிவ உரைநடை அவருக்குப் புதிதன்று, மு. வரதராசனாரும் ‘தம்பிக்கு’ என்னும் தலைப்பில் மடல் நூல் இயற்றியுள்ளார். அண்ணாவிடம் இவ்வடிவம் ஓர் இயக்கத்தின் அமைப்பையே சுட்டுவதாயிற்று.

பெரியாரைத் ‘தந்தை’ எனப் போற்றிய மரபிலிருந்து பிரிந்து 1949இல் உருவான கழகம், தலைவர் இருக்கையைப் பெரியாருக்கென ஒதுக்கி வெறுமையாக விட்டது. அண்ணா பொதுச் செயலாளராகவே விளங்கினார். தந்தையின் சொல் கட்டளையாகக் கொள்ளப்படுவது. அண்ணனின் சொல்லோ அறிவுரையாகவும் கலந்துரையாடலாகவும் அமைய இயலும். 1956ஆம் ஆண்டுத் திருச்சி மாநாட்டில் இரா. நெடுஞ்செழியனைத் தலைமையேற்க அழைத்தபோதும் அண்ணா ‘தம்பி’ என்னும் விளியையே ஆண்டார். இளையவனும் பொறுப்பேற்கத் தக்கவன் என்னும் கருத்து அவ்விளியிலேயே அமைந்திருந்தது.

பிரிவினையிலிருந்து கூட்டாட்சிக்கு

1962 மே மாதம் மாநிலங்களவையில் நிகழ்த்திய முதல் உரையில் அண்ணா திராவிட இனத்தின் தன்னாட்சி உரிமையைக் கோரினார். எனினும், தாம் திராவிடர் என்பதால் வங்காளியருக்கோ மராட்டியருக்கோ குசராத்தியருக்கோ எதிரானவர் அல்லர் என்பதை அவ்வுரையிலேயே தெளிவுறுத்தினார்; மனிதர் யாவரும் ஒரு நிலையினர் என்பதற்கு இசுகாத்லாந்துக் கவிஞர் இராபர்ட்டு பர்ன்சைத் துணைக்கொண்டார். திராவிடரிடம் நாட்டுக்கு வழங்கத்தக்க தனித்தன்மை வாய்ந்த பங்களிப்பு உண்டு என்றும் கூறினார். பிரிவினைக் கோரிக்கையை முன்வைத்த உரையிலேயே வழங்கலும் பெறலுமாகிய உறவு பேசப்பட்டிருப்பது கருதத்தக்கது.

அவ்வாண்டு அக்டோபரில் சீனப் படையெடுப்பு நேர்ந்தபோது கழகம் தன் கோரிக்கையை ஒதுக்கிவைத்து, நாட்டின் பாதுகாப்பு முயற்சிக்கு ஆதரவு அளித்தது. தொடர்ந்து, இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காக்கும் பொருட்டுப் பேச்சுரிமையை வரையறுக்கும் 16ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வந்தது. 1963 சனவரியில் அதனை எதிர்த்துப் பேசிய அண்ணா, இறையாண்மை எங்கு உறைகிறது என்னும் வினாவை எழுப்பினார். அரசியல் இறையாண்மை மக்களிடம் உள்ளது. சட்ட இறையாண்மை ஒன்றியத்திற்கும் மாநிலங்களுக்கும் இடையே பகிரப்பட்டுள்ளது. எனவே மாநிலங்களை மேலும் ஆற்றலுடைய அலகுகளாக ஆக்குவதே தம் திட்டம் எனக் கொள்ளலாகாதா என்பது அவர் வாதத்தின் சாரம்.

அவ்வாண்டின் இறுதியில் கழகம் தன் குறிக்கோளைத் திருத்தியது. இந்திய அரசியலமைப்புக்கு உட்பட்டுத் தமிழகம், ஆந்திரம், கேரளம், கருநாடகம் ஆகியவை இயன்ற அளவு மிகுதியான அதிகாரம் பெற்று, நெருங்கிய திராவிடக் கூட்டமைப்பாக விளங்குதல் என்பது புதிய குறிக்கோளாயிற்று. பிரிவினைக்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்பதை அண்ணா மறைக்கவில்லை. சனவரி உரையில் எழுந்த இறையாண்மைப் பகிர்வு வாதமே ஆண்டிறுதியில் கட்சியின் குறிக்கோளாக வடிவுற்றது. எனவே இம்மாற்றத்தை அச்சத்தின் விளைவாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. சட்டநெருக்கடி மாற்றத்தின் காலத்தைத் தீர்மானித்தது எனலாம். அதன் உள்ளடக்கம் அவருடைய வாதத்திலேயே முன்னர் இருந்தது.

மொழி, பெயர் குறித்த விவாதங்களிலும் இத்தொடர்ச்சி புலனாகிறது. பெரும்பான்மையே அளவுகோல் எனின் தேசியப் பறவை மயில் அன்று, காக்கையே என்னும் அவருடைய எள்ளல், எண்ணிக்கையை ஒற்றுமைக்கு அடிப்படையாக்குவதை மறுத்தது. சென்னை மாநிலத்திற்குத் தமிழ்நாடு எனப் பெயரிடுவதால் விளையும் பயன் யாது என வினவப்பட்டபோது, நாடாளுமன்ற அவைகளுக்கு லோக்சபை, ராஜ்யசபை எனப் பெயரிட்டதால் விளைந்த பயன் யாது என்று எதிர்வினா தொடுத்தார். உணர்வு நிறைவு ஒன்றியத்திற்கு உரியதெனின் மாநிலத்திற்கும் உரியது என்பதே இதன் கருத்து.

ஆட்சிக்காலச் செய்திகள்

ஆட்சிப் பொறுப்பு இவ்வாதத்தை நடைமுறைச் சோதனைக்கு உட்படுத்தியது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்பது கழகத்தின் முழக்கம். ஒரு படித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கப்பெற்றது. நிதிச்சுமையால் மாநிலம் முழுவதும் விரியவில்லை. மக்களுக்கு வாக்களிக்கும் அரசிடம் அதனை நிறைவேற்றும் நிதிவலிமை இல்லாத நிலையை இது வெளிப்படுத்தியது. மாநில உரிமை என்பது உணவுப் பங்கீட்டோடும் பிணைந்த வினா ஆயிற்று.

அதிகாரம் பெறுதல் சட்டவடிவம் கொண்டதற்குச் சுயமரியாதைத் திருமணச் சட்டத்திருத்தம் சான்று. புரோகிதரும் சடங்கும் இன்றி நிகழும் திருமணங்களுக்கு அது சட்ட ஏற்பு வழங்கியது. முன்னர் நிகழ்ந்தவற்றையும் உள்ளடக்கியது. ‘சீரணி’ அமைப்போ ஊர்ப் பொதுப்பணிகளில் தொண்டர்களின் உடலுழைப்பைத் திரட்ட முனைந்தது. மடலில் ‘தம்பி’ என விளிக்கப்பெற்ற தொண்டனுக்குக் கிளர்ச்சி முடிந்தபின் உரிய பணி யாது என்னும் வினாவிற்கு இது விடையாக அமைந்தது.

விளியின் வரம்பு

இவ்விளி அனைவரையும் ஒருங்கே அணைத்ததாகக் கொள்ளுதல் இயலாது. ‘தம்பி’ ஆண்பாற்சொல், கட்சியில் உழைத்த பெண்கள் மடலின் நேர்முக முன்னிலையில் இடம்பெறவில்லை. திருமணச் சட்டம் பெண்ணை உரிமையுடைய தரப்பாக ஏற்றது. மடலின் விளியோ அவளை உரையாடலின் புறத்தே நிறுத்தியது. மேலும், ‘அண்ணன்’ என்னும் உறவுச்சொல் இணக்கத்தைக் காட்டினும் மூப்பின் அதிகாரத்தை முற்றும் களைந்துவிடுவதில்லை.

முடிவுரை

1968 சனவரியில் சட்டமன்றம் இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தை ஏற்றது; 1969 சனவரி 14 அன்று தமிழ்நாடு என்னும் பெயர் நடைமுறைக்கு வந்தது; பிப்ரவரி 3 அன்று அண்ணா மறைந்தார். இரண்டாண்டும் நிறைவுறாத ஆட்சி அவருடைய கூட்டாட்சிச் சிந்தனை முழுவடிவம் பெறப் போதுமானதாக இல்லை. எனினும், ஒற்றுமை என்பது அதிகாரம் ஓரிடத்தில் குவிவதால் அன்று, பகிரப்படுவதால் நிலைபெறுவது என்னும் கருத்து அவருடைய மூன்று களங்களையும் இணைக்கிறது. 1963ஆம் ஆண்டு மாற்றத்தை ஆராய்வோர் கட்சித் தீர்மானங்களோடு மடல்களையும் அவற்றின் விளியையும் இணைத்து நோக்குதல் இன்றியமையாதது.