குழந்தை பேசட்டும்!

பரீட்சை முடிவுகள் வெளியாகும் மாதம் வந்துவிட்டால் பத்திரிகையைப் பிரிக்கவே நமக்குக் கை கூசுகிறது. எங்கேனும் ஓர் இளம் பிள்ளை தன் உயிரைத் தானே போக்கிக்கொண்ட செய்தி கண்ணில் படுகிறது. "பரீட்சையில் தவறினான், இறந்தான்" என்று ஒரே வரியில் தீர்ப்புக் கூறிவிட்டு நாம் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம்.

உண்மை அத்தனை சுலபமானதன்று. 2021-ஆம் வருஷத்துக்கு இந்திய சர்க்கார் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். பதினெட்டுப் பிராயம் நிரம்பாதவர்களில் 10,000-க்கு மேற்பட்டோர் அவ்வருஷம் தற்கொலை செய்துகொண்டனர். அவர்களில் பரீட்சைத் தோல்வி காரணமென்று பதிவானவர்கள் 1,000-க்கும் குறைவு; குடும்பத் தொல்லை காரணமென்று பதிவானவர்களோ 3,000-க்கு மேல்!

போலீஸ் பதிவில் காரணம் ஒரே சொல்லில் அடங்கிவிடும். வாழ்க்கையில் அப்படி அடங்குவதில்லை. மனச்சோர்வு என்னும் நோய், தாய் தந்தையரின் ஓயாத சச்சரவு, குடி, அடி, அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு ஏசுதல் எல்லாம் சேர்ந்தே ஒரு பாலகனை நசுக்குகின்றன. அதற்கு மாறாக, தன் பேச்சைப் பொறுமையுடன் கேட்க வீட்டிலே ஒருவராவது உண்டென்று நம்பும் குழந்தைக்கு அபாயம் குறைகிறது.

2017-ல் தமிழ்நாட்டு சர்க்கார், பொதுப் பரீட்சையில் முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர்களை வெளியிடும் வழக்கத்தை நிறுத்தியது. அதே வருஷத்து மனநலச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் தண்டனைக்கல்ல, சிகிச்சைக்கே உரியவர் என்று கருத வழி செய்தது. ஆனால், வீட்டுக் கூடத்தில் நடக்கும் தரவரிசையை எந்த சர்க்கார் நிறுத்த முடியும்? உபாத்தியாயராகிய நம்மிடம் வரும் பெற்றோர், "மார்க்கு எப்படி, ஸார்?" என்றே கேட்கிறார்கள். "பையன் வகுப்பில் சிரித்துப் பேசுகிறானா?" என்று கேட்பவர் வெகு சிலர்.

குழந்தை நண்பர்களை விட்டு ஒதுங்கினாலும், உறக்கம் கெட்டாலும், அருமையாக வைத்திருந்த பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிட்டாலும், "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி" என்று சொன்னாலும், அதைப் பிடிவாதமென்று தள்ளிவிடாதீர்கள். அருகில் அமர்ந்து, "சாக வேண்டுமென்று தோன்றுகிறதா, கண்ணே?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, பாரந்தான் குறையும். ஆமென்று சொன்னால் தனியே விடாமல் டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள். 2022-ல் இந்திய சர்க்கார் தொடங்கிய 'டெலி மானஸ்' நிலையத்தை 14416 என்ற எண்ணில் எந்நேரமும், தமிழிலேயே அழைக்கலாம்.

தவறிய பரீட்சையை மறுபடியும் எழுதலாம். இன்று இராச் சாப்பாட்டின்போது மார்க்குப் பேச்சை விட்டு, குழந்தையைப் பேச விடுங்கள்.