ஒரு கண்மணி பெரிசு, இன்னொண்ணு சிறிசு... எந்தக் கண்ணில் பிரச்னை?

தலையில் அடிபட்டு வருபவரின் இமையைத் திறந்து, டாக்டர் டார்ச் அடித்துப் பார்ப்பார். அவர் கவனிப்பது, கண்ணின் நடுவே இருக்கும் கறுப்பு வட்டத்தை. அதுதான் கண்மணி, 'பாப்பா' என்றும் சொல்வோம். உண்மையில் அது ஓர் ஓட்டை. ஐரிஸ் என்ற நிறத்திரையின் நடுவில் இருக்கும் இந்த ஓட்டை வழியாகத்தான் கண்ணுக்குள் வெளிச்சம் போகிறது.

பெரியவர்களுக்கு நல்ல வெளிச்சத்தில் இது 2 முதல் 4 மில்லிமீட்டர் வரை இருக்கும். இருட்டில் 4 முதல் 8 மில்லிமீட்டர் வரை விரியும். அதனால், 'கண்மணி 5 மி.மீ' என்று மட்டும் குறித்து வைத்தால் பயனில்லை. எந்த வெளிச்சத்தில் அளந்தது என்பதும் தெரிய வேண்டும்.

இருட்டிலும் அளப்பது ஏன்?

ஐரிஸில் இரண்டு தசைகள் உண்டு. ஒன்று கண்மணியைச் சுருக்கும், மற்றொன்று விரிக்கும். இரண்டுக்கும் தனித்தனி நரம்புகள். இரண்டு கண்மணிகளும் ஒரே அளவில் இல்லாதபோது, பழுது எதில் என்பதை வெளிச்சத்தை மாற்றிப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்.

* வெளிச்சத்தில் வித்தியாசம் அதிகமானால், பெரிய கண்மணி சுருங்க மறுக்கிறது என்று அர்த்தம். மூளையில் ரத்தக்குழாய் வீங்கி நரம்பை அழுத்துவதும் காரணமாக இருக்கலாம். ஊமத்தைச் செடியைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கினாலும் இப்படி ஆகும்.
* இருட்டில் வித்தியாசம் அதிகமானால், சிறிய கண்மணி விரிய மறுக்கிறது. கூடவே இமையும் லேசாக இறங்கியிருந்தால் 'ஹார்னர் சிண்ட்ரோம்' என்று சந்தேகிப்பார்கள். 1869-ல் இதை விவரித்த சுவிஸ் கண் மருத்துவரின் பெயர் இது. கழுத்து ரத்தக்குழாயில் ஏற்படும் கிழிசலும் இதற்கு ஒரு காரணம்.
* இரண்டிலும் வித்தியாசம் ஒரே மாதிரி, 1 மில்லிமீட்டருக்குள் இருந்தால், பெரும்பாலும் இயல்பானதுதான். சுமார் ஐந்தில் ஒருவருக்கு இப்படி இருக்கிறது.

சரியாக அளப்பது எப்படி?

கிட்டத்தில் இருப்பதைப் பார்த்தாலே கண்மணி சுருங்கிவிடும். அதனால் தூரத்தில் ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்வார்கள். மங்கலான அறையில் கண் பழகும்வரை சிறிது நேரம் காத்திருப்பார்கள். பிறகு, வட்டங்கள் அச்சிட்ட அளவுகோல் அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து ஒப்பிடுவார்கள்.

நம் ஊரில் இதில் ஒரு சிக்கல் உண்டு. நமக்குப் பெரும்பாலும் அடர் பழுப்புக் கண்கள். மங்கலான வெளிச்சத்தில் ஐரிஸ் எங்கே முடிகிறது, கண்மணி எங்கே தொடங்குகிறது என்பதே தெரியாது. டார்ச் அடித்தாலோ, அளப்பதற்குள் சுருங்கிவிடும்.

இதற்குத்தான் 'பியூப்பிலோமீட்டர்' என்ற கருவி. இது இன்ஃப்ராரெட் கதிரில் படமெடுக்கிறது. அந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியாது என்பதால் கண்மணி சுருங்காது. பழுப்பு ஐரிஸும் அந்தப் படத்தில் வெளிறித் தெரிவதால், கறுப்பு வட்டம் பளிச்சென்று பிரிந்து தெரியும். ஆளுக்கு ஆள் கணக்கு மாறும் தொல்லையும் குறைவு.

வீட்டில் என்ன செய்யலாம்?

கண்ணாடியில் வித்தியாசம் தெரிந்தால், பழைய போட்டோக்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். பல வருடங்களாகவே அப்படித்தான் என்றால் பதற்றம் வேண்டாம். அந்தப் போட்டோவையும் டாக்டரிடம் காட்டுங்கள். புதிதாகப் படமெடுத்தால், ஃப்ளாஷ் இல்லாமல் ஜன்னலுக்கு நேர் எதிரே நின்று ஒன்றும், மங்கலான அறையில் ஒன்றும் எடுங்கள். பக்கவாட்டு வெளிச்சம் கண்ணை ஏமாற்றும்.

ஆனால், திடீரென்று வித்தியாசம் தோன்றி, கடுமையான தலைவலி, கழுத்துவலி, இமை இறக்கம், இரட்டைப் பார்வை இவற்றில் ஒன்று இருந்தாலும், தலையில் அடிபட்டிருந்தாலும் போட்டோ எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.