மணலை வென்ற வண்டி

ஒருவர் உதவாது என்று ஒதுக்கிய பொருள், மற்றொருவர் கைக்கு வந்ததும் புதுப்பிறவி எடுப்பதுண்டு. சாலையில் ஓடித் தேய்ந்த பழைய கார் ஒன்று கடற்கரை மணலில் துள்ளியோடும் வண்டியாக மாறிய வரலாறு இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரையில் அலைச்சறுக்கு விளையாட்டில் ஈடுபடும் இளைஞர் பலர். பலகையை ஏற்றிக்கொண்டு மணலைக் கடந்து அலையருகே செல்ல அவர்களுக்கு ஒரு வண்டி தேவைப்பட்டது. பழைய கார்களின் மேற்கூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு மணற்குன்றுகளில் ஓட்டிப் பார்த்தனர். ஆனால் முன்புறம் கனத்த என்ஜினும் நீர்த்தொட்டியும் கொண்ட அவ்வண்டிகள் மணலில் திணறின.

இக்குறையை நீக்கியவர் புரூஸ் மேயர்ஸ். 1926இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பிறந்த இவர், இரண்டாம் உலகப்போரில் கடற்படையில் பணியாற்றினார். 1945 மே 11 அன்று ஜப்பானியத் தற்கொலை விமானங்கள் தாக்கிய ‘பங்கர் ஹில்’ கப்பலிலிருந்து உயிர் தப்பியவர். போருக்குப்பின் கண்ணாடி இழையால் படகு கட்டும் தொழிலில் தேர்ந்தார். அலைச்சறுக்கிலும் ஆர்வம் மிக்கவர். படகுக்கும் சறுக்குப் பலகைக்கும் உதவும் கண்ணாடி இழை, காருக்கு ஏன் உதவாது என்று அவர் எண்ணினார்.

அவர் தேர்ந்தெடுத்தது வோக்ஸ்வாகன் பீட்டில் கார். ஏன்? அதன் என்ஜின் பின்புறம் உள்ளது. இழுக்கும் சக்கரங்களும் பின்சக்கரங்களே. ஆகவே எடை அவற்றின்மேல் அழுந்த, சக்கரம் வழுக்காமல் மணலைப் பற்றுகிறது. என்ஜின் காற்றால் குளிர்வதால் நீர்த்தொட்டியும் தேவையில்லை.

மணலில் சைக்கிள் தள்ளியவர்களுக்கு மெல்லிய சக்கரம் புதைவது தெரியும். அழுத்தம் என்பது எடையைப் பரப்பால் வகுத்துக் கிடைப்பது. பரப்பு கூடினால் அழுத்தம் குறையும். ஒட்டகத்தின் அகன்ற பாதம் பாலையில் புதையாதிருப்பதும் இதனால்தான். எனவே அகன்ற டயர்களைப் பூட்டிக் காற்றைச் சற்றுக் குறைத்தால், டயர் மணலோடு படிந்து வண்டியைத் தாங்குகிறது.

1964இல் உருவான முதல் வண்டிக்கு ‘ஓல்டு ரெட்’ என்று பெயர். அதில் கண்ணாடி இழைக்கூடே உடலும் சேஸிஸுமாக அமைந்தது. இம்முறையில் பன்னிரண்டு வண்டிகள் செய்தபின், செலவு கட்டுப்படியாகாது என்பது புலனாயிற்று. ஆகவே பீட்டிலின் அடித்தளத்தையே பயன்படுத்தும் வழியைக் கண்டார்.

முதலில் காரின் இரும்பு மேற்கூடு அகற்றப்படும். அடித்தளத்தில் பதினான்கேகால் அங்குல நீளம் வெட்டியெடுக்கப்பட்டு, இருபகுதியும் வெல்டிங் செய்யப்படும். கியர் தண்டும் அதற்கேற்பக் குறைக்கப்படும். நீளம் குறைவதால் மணல்மேட்டின் உச்சியில் வயிறு தட்டாது. குறுகிய இடத்திலும் திரும்பலாம். இதன்மேல் கண்ணாடி இழைக்கூட்டைப் போல்ட்டுகளால் பொருத்துவர். கூடு துருப்பிடிக்காது. ஆனால் அடித்தளம் இரும்பே. கடற்கரையிலிருந்து திரும்பியதும் நன்னீரால் கழுவாவிடில் உப்பு அதனை அரித்துவிடும்.

1967 ஏப்ரலில் மேயர்ஸும் டெட் மேங்கல்ஸும் மெக்சிகோவின் லா பாஸ் நகரிலிருந்து டிஹுவானா வரை, பெரும்பகுதி நல்ல பாதையே இல்லாத நிலத்தில், 34 மணி 45 நிமிடத்தில் ஓட்டினர். அதற்குமுன் மோட்டார் சைக்கிள் நிறுவியிருந்த சாதனையைவிட இது ஐந்து மணி நேரம் குறைவு! வண்டியின் புகழ் பரவிற்று.

புகழோடு போலிகளும் வந்தன. அச்செடுத்து அதேபோன்ற கூடுகளைப் பலர் மலிவாக விற்றனர். மேயர்ஸ் காப்புரிமை வழக்குத் தொடுத்துத் தோற்றார். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கூடுகளை விற்ற அவர் நிறுவனம் 1971இல் மூடப்பட்டது. கண்டவன் கை வெறுங்கையாக, கண்டு செய்தவர் காசு பார்த்தனர்.

எனினும் காலம் அவரை மறக்கவில்லை. 2014இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் ‘ஓல்டு ரெட்’ இரண்டாவதாக இடம்பெற்றது. அதைக் கண்டு மகிழ்ந்த மேயர்ஸ் 2021இல், 94ஆம் வயதில் மறைந்தார்.

மாணவ நண்பர்களே! மேயர்ஸ் புதிய என்ஜின் எதையும் கண்டுபிடிக்கவில்லை. கண்ணாடி இழையும் அவர் கண்டதன்று. படகுத் தொழிலில் கற்றதைக் காரில் பொருத்திப் பார்த்தார், அவ்வளவே. ஒரு பாடத்தில் கற்றதை மறுபாடத்தின் வாசலில் விட்டுவிட்டு நுழையும் நமக்கு, இம்மணல் வண்டி சொல்லும் செய்தி அதுவே.