இழுத்துக் கட்டினா என்ன ஆகும்?

மலாய் மொழியில் கெலாங் என்றால் வளையல், பாத்தா என்றால் உடைந்தது. அந்த ‘வளையல் உடைந்த’ கெலாங் பாத்தாவில்தான் என் அக்கா வீடு. போன விடுமுறையில் நான் போய் இறங்கியதும் அக்கா மகன் ஒரு பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். மேலே ‘ஹேமக்’ என்று எழுதியிருந்தது. பிரித்துப் பார்த்த பாட்டி, “அட, நம்ம தூளிடா இது!” என்றார். சரிதான். பிள்ளைக்குச் சேலையில் கட்டுகிறோமே, அதற்கு அண்ணன் முறை.

கரீபியன் தீவுகளின் தைனோ மக்கள் இதில்தான் தூங்கினார்கள். 1492இல் அங்கே போய்ச் சேர்ந்த கொலம்பஸின் ஆட்கள் பார்த்து வியந்தார்கள். பிறகு அதுவே கப்பல்காரர்களின் படுக்கையானது. கப்பல் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தூளி தன்பாட்டுக்கு நேராகத் தொங்குமே! உருண்டு விழ வேண்டியதில்லை.

“மாமா, இதை ஹால்ல கட்டணும். நல்லா டைட்டா இழுத்துக் கட்டுங்க. அப்பத்தான் கட்டில் மாதிரி நேரா இருக்கும்.”

எனக்குப் பக்கென்றது. வாயால் சொன்னால் கேட்கிற பையனா அவன்? துணி காயப்போடும் கயிறு ஒன்றை எடுத்து, நடுவில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டினேன். ஒரு முனையை அவனிடமும் மறுமுனையை அவன் அக்காவிடமும் கொடுத்தேன். “கயிறு கோடு போட்ட மாதிரி நேரா வர்ற வரைக்கும் இழுங்க, பார்ப்போம்.”

இரண்டு பேரும் பக்கத்தில் நின்றபோது ஒரு விரலாலேயே பிடிக்க முடிந்தது. விலக விலகக் கை கனத்தது. கடைசியில் இருவரும் காலை ஊன்றிச் சாய்ந்து இழுக்கிறார்கள், முகம் சிவக்கிறது, நடுவில் அந்தச் சின்னப் பள்ளம் மட்டும் போகவில்லை. நானும் ஒரு பக்கம் சேர்ந்து இழுத்தேன். ம்ஹூம்.

“ஒன்றரை கிலோதானே மாமா?”

ஒன்றரை கிலோதான். ஆனால் கயிற்றுக்கு ஒரு குணம் உண்டு: தான் போகும் திசையில் மட்டும்தான் அது இழுக்கும். பாட்டிலைப் பூமி நேர் கீழே இழுக்கிறது. அதைத் தாங்க மேல்நோக்கி விசை வேண்டும். கயிறு செங்குத்தாக இருந்தால் அதன் இழுப்பு முழுவதும் மேலே போகிறது. கயிறு படுக்கப் படுக்க, இழுப்பில் பெரும்பங்கு பக்கவாட்டில் வீணாகி, மேலே போவது ஒரு துளிதான். அந்தத் துளியைத் தேவையான அளவுக்குச் சேர்க்கத்தான் மூன்று பேர் மூச்சு வாங்கினோம். கயிறு முழுக்க நேராகிவிட்டால் மேலே போகும் பங்கு பூஜ்யம். யானையைக் கட்டி இழுத்தாலும் அந்த ஒன்றரை கிலோ கீழே தொங்கத்தான் செய்யும்.

இனி பாட்டிலுக்குப் பதில் 40 கிலோ பையனைத் தூளியில் படுக்க வைப்போம். கயிறு தரைமட்டத்துக்கு 30 டிகிரி சாய்வில் இருந்தால் ஒவ்வொரு பக்கக் கயிறும் 40 கிலோ எடையைத் தூக்கும் அளவு இழுக்கும். 10 டிகிரி என்றால் 115 கிலோ. 5 டிகிரிக்கு இழுத்துக் கட்டினால் 230 கிலோ! அதாவது இரண்டு கப்சாய் மோட்டார் சைக்கிள்களுக்கு மேல், ஒரு பக்கத்துக்கு மட்டும்.

கெலாங் பாத்தாவிலிருந்து கொஞ்ச தூரத்தில் தஞ்சோங் பெலேபாஸ் துறைமுகம் இருக்கிறது. அங்கே பாரந்தூக்கிகள் கொள்கலன்களைத் தூக்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒன்று 30 டன் வரை இருக்கும். மேலிருந்து ஓர் இரும்புச் சட்டம் இறங்கி, பெட்டியின் நான்கு மூலைகளையும் பூட்டிக்கொள்கிறது. ஒற்றைக் கொக்கியிலிருந்து நான்கு கயிறுகளைச் சாய்வாக விட்டால் அவை பெட்டியைத் தூக்குவதோடு உள்நோக்கியும் நெருக்கும். சட்டம் இருந்தால் மூலைகளில் நேர் மேலே மட்டும்தான் இழுப்பு.

தூளிக்கு அப்படிச் சட்டம் கிடையாது. சாய்ந்த கயிறு சுவரைக் கீழே அழுத்துவதை விட, அதில் மாட்டிய ஆணியை வெளியே பிடுங்கவே அதிகம் பார்க்கும். கான்கிரீட்டுக்குப் பிடிக்காத விஷயம் அதுதான். ஒரு சாக்பீஸ் துண்டை இரண்டு முனையிலும் பிடித்து நெருக்கிப் பாருங்கள், அசையாது. வளைத்தால் பட்டென்று ஒடியும். கான்கிரீட்டும் அதே ஜாதி. நெருக்கினால் தாங்குவதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் இழுத்தால் தாங்கும். அதனால்தான் உள்ளே இரும்புக் கம்பி வைக்கிறார்கள்.

துளை போடப் பக்கத்து வீட்டு அண்ணன் வந்தார். கட்டட வேலை செய்பவர். (இது பிள்ளைகள் தொடக்கூடாத வேலை. சொல்லிவிட்டேன்.) மின்சார சுவிட்சுகளுக்கு நேர் மேலும் கீழும் சுவருக்குள் வயர் ஓடும் என்று அந்த இடங்களை முதலில் ஒதுக்கினார். பிறகு ஹாலின் சுவர் நடுவில் டிரில்லை வைத்தார். முதலில் சாம்பல் நிறத் தூள் உதிர்ந்தது. ஒரு விரல் ஆழம் கூடப் போகவில்லை, தூள் சிவப்பாக மாறியது. நிறுத்திவிட்டார். “அண்ணே, இது செங்கல்.”

எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகள் பெரும்பாலும் இப்படித்தான். தூணும் உத்தரமும்தான் கான்கிரீட் எலும்பு. இடையில் உள்ள சுவர் செங்கல் அடுக்கிச் சிமெண்ட் பூசிய சட்டை. வெளியே பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல் தெரியும். சிமெண்ட் கல்லில் கட்டிய சுவராக இருந்தால் தூளும் சாம்பல் நிறமாகவே வரும், அதனால் நிறத்தை மட்டும் நம்பிவிட முடியாது. வாசல் கேட்டின் செங்கல் தூணில் கட்டவே கூடாது. ஆஸ்திரேலியாவில் செங்கல் தூணில் கட்டி, தூணே சரிந்து குழந்தைகள் இறந்திருக்கிறார்கள்.

கடைசியில் மூலைக்கு மூலை இரண்டு கான்கிரீட் தூண்களைத் தேர்ந்தோம். துளை போட்டதும் அண்ணன் பிரஷ்ஷால் தேய்த்து, ஊதி, தூளை வெளியேற்றினார். மறுபடி தேய்த்தார், மறுபடி ஊதினார். எனக்கே பொறுமை போய்விட்டது. ஆனால் காரணம் உண்டு. உள்ளே போகும் போல்ட்டைச் சுற்றி ஓர் உலோக உறை இருக்கிறது. நட்டை முறுக்கினால் போல்ட்டின் அகன்ற அடிப்பகுதி வெளிப்பக்கம் நகர்ந்து, உறையை விரித்து, துளையின் பக்கங்களைக் கவ்வ வைக்கும். எல்லாம் உராய்வின் வேலை. தூள் கிடந்தால் பிடி வழுக்கும்.

கடிகாரம் மாட்டும் பிளாஸ்டிக் பிளக்கும் இதே தந்திரம்தான். அந்த நைலான் பிளக்கை 1958இல் கண்டுபிடித்தவர் ஜெர்மனியின் ஆர்ட்டுர் ஃபிஷர். துண்டுகளைப் பொருத்தி இயந்திரம் செய்யும் விளையாட்டுப் பொருளையும் அவர்தான் உருவாக்கினார். அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனாலும் தூளிக்குப் பிளாஸ்டிக் பிளக் வேண்டாம்.

கான்கிரீட்டிலிருந்து போல்ட் பிடுங்கிக்கொண்டால் தனியாக வராது, புனல் வடிவத்தில் ஒரு கட்டியையே பெயர்த்துக்கொண்டு வரும். ஆழம் கூடினால் அந்தப் புனல் பெரிதாகும். ஆழத்தை இரண்டு மடங்காக்கினால் பிடி ஏறத்தாழ 2.8 மடங்காகும். தூணின் ஓரத்தில் போட்டால் புனலில் பாதி காற்றில் போய்விடும். அதனால்தான் நடுவில்.

போல்ட்டுகளுக்கு இடையே 4 மீட்டர். உட்காரும் உயரம் 45 சென்டிமீட்டர் என்று வைத்து, 30 டிகிரிக்குக் கணக்குப் போட்டால் போல்ட் தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் வரும். கோணமானி தேவையில்லை. கட்டைவிரலை மேலே நிமிர்த்தி, சுட்டுவிரலை முன்னால் நீட்டுங்கள். இரண்டு விரல் நுனிகளையும் சேர்க்கும் சாய்கோடு ஏறத்தாழ 30 டிகிரி. மருமகன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கயிற்றோடு விரலைப் பொருத்திப் பார்த்தான்.

“இதுல வேகமா ஆடலாமா மாமா?”

செங்குத்திலிருந்து 60 டிகிரி வரை தூக்கி விட்டால், அடிப்பகுதியைக் கடக்கும் நொடியில் கயிற்றுக்குப் பாரம் இரண்டு மடங்கு. தொப்பென்று குதித்தாலும் அப்படித்தான், இன்னும் மோசமாகவும் ஆகலாம். “படுக்கலாம், லேசா ஆடலாம்” என்றேன். முகம் கொஞ்சம் தொங்கியது.

முதலில் ஏறியது அவன் இல்லை. பத்து கிலோ அரிசிப் பை மூன்று, தண்ணீர் நிரப்பிய கேன்கள், மொத்தம் 80 கிலோ. போல்ட்டின் வாஷரைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு வைத்தோம். அன்று இரவும் மறுநாள் காலையும் பல் துலக்கும் முன் டார்ச்சோடு போய்ப் பார்த்தான். கோடும் வாஷரும் அப்படியே இருந்தன. உள்ளேயிருந்து அக்கா குரல் வந்தது: “தூளியில தூங்குற அரிசியை யாராவது எழுப்பி எடுத்துட்டு வாங்க. சோறு வைக்கணும்!”